பார்த்தவர் கையெழுத்து

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை அவளைக் கேட்காமல், எழுதக்கூடாத இடத்தில், அவள் பெயரின் முதலெழுத்துகளை எழுதியவள் நான். அந்த உரிமையை இரண்டாம் முறையும் எடுத்துக்கொள்ள மனம் துணியவில்லை. ஒன்பதாம் வகுப்பில் எனக்கு அடுத்த பெஞ்சில் அமர்ந்திருந்தவள். படப்பையிலிருந்து நாள்தோறும் பேருந்தில் தாம்பரம் வந்து படித்தவள். அவள் அப்பா போர்வெல் வண்டி ஓட்டினார். அடையாளத்துக்கு இவ்வளவு போதும்.

அவள் அதிகம் பேசமாட்டாள். பேசியவற்றுள் பெரும்பங்கு ஒரே சொல்: "பாக்கல."

வகுப்பில் டியூப்லைட்டை உடைத்தது யார் என்று கேட்டால் பாதிப் பேர் அந்தச் சொல்லைத்தான் சொல்வோம். நண்பரைக் காப்பாற்ற அது கைகண்ட மருந்து. அவளோ தனக்கு நட்டம் வரும் இடத்திலும் அதையே சொல்வாள். தேர்வில் வரைபடக் கேள்வியில் ஐந்து ஆறுகளைக் குறிக்கச் சொன்னால், மூன்றைக் குறித்துவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுவாள். ஏதாவது ஒரு கோட்டை இழுத்து வைத்தால் அரை மதிப்பெண்ணாவது கிடைக்குமே என்று நான் ஒருமுறை அங்கலாய்த்தேன். தெரிந்த மூன்றும் சரியாக இருக்கிறதல்லவா, அது போதும் என்றாள்.

அவள் அப்பாவிடமிருந்து வந்த குணம் என்று பின்னர் ஊகித்தேன். நிலத்தில் எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று வீட்டுக்காரர்கள் அவரைத் துளைத்தெடுப்பார்களாம். தேங்காயை உருட்டிப் பார்த்தவர், குச்சியைப் பிடித்து நடந்தவர் என்று ஆளுக்கொரு இடம் சொல்ல, அவர் மட்டும் "இறக்கிப் பாத்தாதான் தெரியும்" என்பாராம். ஒவ்வொரு குழியிலிருந்தும் பத்தடிக்கு ஒரு பிடி மண் எடுத்து அவள் ஜாம் பாட்டில்களில் நிரப்பி வைத்திருந்தாள். செம்மண், களிமண், உதிர்ந்த பாறை, கடைசியில் கருங்கல் பொடி. ஒரு நாள் ஒரு குழியின் பாட்டில்களை வகுப்புக்குக் கொண்டுவந்தாள். வரிசையில் ஒரு பாட்டில் வெறுமையாக இருந்தது. எழுபதடியில் என்ன இருந்தது என்று டீச்சர் கேட்டார். "அப்போ டீ குடிக்கப் போயிட்டேன் மிஸ்" என்றாள். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவுமில்லை, வருந்தவுமில்லை.

எனக்கு அந்த வெறும் பாட்டில் பொறுக்கவில்லை. மேலேயும் கீழேயும் உதிர்ந்த பாறைதான், நடுவிலும் அதுதானே இருந்திருக்கும். ஒரு பிடியை எடுத்துப் போட்டால் யாருக்குத் தெரியும் என்று தோன்றியது. என் வளர்ப்பு அப்படி. கீழ்க்கட்டளையில் எங்கள் இலக்கியச் சபையின் ஆண்டு விழாவில் ஐந்து வயதில் மேடை ஏறியவள் நான். சனிக்கிழமைதோறும் பேச்சுப் பயிற்சி. அங்கே கற்பிக்கப்பட்ட முதல் பாடம், மேடையில் மூன்று நொடிக்கு மேல் மௌனம் கூடாது என்பது. வரி மறந்தால் வேறொரு வரியைப் போடு. எண் மறந்தால் "எத்தனை எத்தனையோ" என்று நீட்டு. எதிரணி கேள்வி கேட்டால் விடை தெரியாவிட்டாலும் வாயைத் திற. இடைவெளி விட்டால் கூட்டம் உன்னை விட்டுப் போய்விடும். பதினான்கு வயதுக்குள் என் வீட்டு அலமாரியில் பத்தொன்பது கோப்பைகள் இருந்தன.

எட்டாம் வகுப்பில் ஒரு நாள் காலை, கடலுக்கடியில் எங்கோ நிலம் நடுங்கியதாகப் பள்ளியில் செய்தி பரவியது. யாராவது உணர்ந்தீர்களா என்று டீச்சர் கேட்டதும் முப்பது கைகள் உயர்ந்தன. முதல் கை என்னுடையது. என் தண்ணீர் பாட்டிலில் வட்ட வட்டமாய் அலை எழுந்ததை நான் விவரித்த விதத்தில், பின் பெஞ்சில் இருந்தவர்கள்கூடத் தங்கள் பாட்டிலைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளைக் கேட்டபோது, "தெரில மிஸ். நான் அப்போ படி ஏறிக்கினு இருந்தேன்" என்றாள். நடுக்கம் அந்தமானைத் தாண்டி எங்கும் உணரப்படவில்லை என்று மறுநாள் செய்தித்தாளில் வந்தது. எங்களை யாரும் மறுபடி கேட்கவில்லை. நானும் அதை மறந்துபோனேன். மறந்திருக்கக் கூடாது.

ஒன்பதாம் வகுப்பு தொடங்கிய ஜூன் மாதத்தில் அறிவியல் டீச்சர் கரும்பலகையில் பூமியை வரைந்து, நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே இருக்கும் என்றார். அவள் கை தூக்கினாள்.

"நம்ம ஊர்ல வருஷத்துக்கு ரெண்டு நாளுதான் அப்படி வரும்னு படிச்சேன் மிஸ். ஆனா நான் பாக்கல."

நான் எழுந்து, "அந்த ரெண்டு நாளும் லீவு விடுவாங்களா மிஸ்?" என்று கேட்டேன். சிரிப்பலை எழுந்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. கரும்பலகைக்குத் திரும்பி, தலைக்கு நேர் மேலே தான் வரைந்திருந்த சூரியனை அழித்தார். அந்த ஆண்டு மாவட்ட அளவில் நடக்கவிருந்த அறிவியல் போட்டிக்கு எங்கள் இருவரையும் ஓர் அணியாக்கினார். அவள் அளக்க வேண்டும்; நான் பேச வேண்டும்.

செய்ய வேண்டியது எளிதாகத்தான் இருந்தது. பள்ளி மைதானத்தில், சிமென்ட் பலகையில் ஒரு மீட்டர் உயரக் கம்பியை நட வேண்டும். தினமும் நண்பகலில் அதன் நிழல் எவ்வளவு நீளம், எந்தத் திசை என்று குறிக்க வேண்டும். ஜூன் மாத நிழலையும் டிசம்பர் மாத நிழலையும் வைத்து, பூமி தன் அச்சில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கணக்கிட வேண்டும். புத்தகம் சொல்லும் இருபத்து மூன்றரை டிகிரியை நம் மைதானத்திலேயே கண்டுபிடிப்பது. வெல்லும் அணிக்கு ஜவ்வாது மலையில் உள்ள வானாய்வகத்தில் மூன்று நாள் முகாம்.

அந்த முகாம் எனக்கு இருபதாவது கோப்பை. அவளுக்கு அது வேறு. அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் சனிக்கோளை வரைந்திருந்தாள். கோளம் முழுக் கோட்டில் இருந்தது. வளையம் மட்டும் புள்ளி புள்ளியாக. ஏன் இப்படி என்று கேட்டேன்.

"உருண்டையா ஒரு புள்ளி மாரி வானத்துல பாத்துக்கீறேன். வளையத்தப் பாக்கல. டெலஸ்கோப்புல பாத்துட்டு வந்து கோடு இழுப்பேன்."

தூக்குக்குண்டு கட்டிக் கம்பியைச் செங்குத்தாக நிறுத்தியது அவள்தான். மதிய இடைவேளையில் எல்லோரும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அவள் ஸ்கேலோடு வெயிலில் குந்தியிருப்பாள். பன்னிரண்டு மணிதான் நண்பகல் என்று நான் நினைத்திருந்தேன். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை புள்ளி வைத்துப் பார்த்து, எங்கள் ஊரில் நிழல் மிகக் குட்டையாவது அதற்குச் சில நிமிடங்கள் கழித்துத்தான் என்று அவள் காட்டினாள். ஜூன் இறுதியில் ஒரு நாள் என்னை வெயிலுக்கு இழுத்தாள். "இங்க வாடி. இன்னா பக்கம் விழுது பாரு." நிழல் தெற்கே விழுந்திருந்தது. சூரியன் எங்கள் தலையைத் தாண்டி வடக்கே போயிருந்தது. பதினான்கு ஆண்டுகள் அதே வெயிலில் நடந்தும் அதை நான் கவனித்ததில்லை.

அவள் நோட்டில் ஆறு கட்டங்கள்: நாள், நேரம், நீளம், திசை, வானம், பார்த்தவர். கடைசிக் கட்டத்தில் பார்த்தவர் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட வேண்டும். விடுமுறை நாள்களில் நீளத்துக்கான கட்டம் காலி. மேகம் மூடினால், வானத்துக்கான கட்டத்தில் 'மேகம்' என்று எழுதி, நீளத்தைக் காலியாக விடுவாள். நிழல் அறவே மறையும் நாள் ஆகஸ்டில் வந்தது. பள்ளியில் பாதிப் பேரைத் திரட்டி மைதானத்தில் நிறுத்தியிருந்தேன். வானம் முழுக்க மேகம். அன்றும் அவள் 'மேகம்' என்றுதான் எழுதினாள். ஆண்டின் தலையாய நாளே காலியாக இருந்தால் மேடையில் என்ன சொல்வது என்று நான் பொரிந்து தள்ளினேன். ஏப்ரலில் மறுபடி வரும் என்றாள். போட்டி ஜனவரியில்.

அக்டோபரில் அவளுக்கு மூன்று நாள் காய்ச்சல். என்னை அளக்கச் சொல்லி அனுப்பியிருந்தாள். எனக்கு ஒரு பட்டிமன்றத்துக்கான ஒத்திகை இருந்தது, வெயிலில் இறங்கவில்லை. திரும்பி வந்ததும் அளந்தாயா என்று கேட்டாள். நான் காரணங்களை அடுக்கத் தொடங்கினேன். பாதியில் நிறுத்தி, "சரி வுடு, காலியா இருக்கட்டும்" என்றாள். அவள் என்னைக் கடிந்துகொண்டிருந்தால் நான் வாதாடியிருப்பேன். வாதாடி வென்றும் இருப்பேன்.

டிசம்பரில் புயல் வந்தது. அந்த வாரம் முழுவதும் பள்ளி மூடிக் கிடந்தது. கீழ்க்கட்டளையில் எங்கள் தெருவில் முழங்காலளவு தண்ணீர். நாங்கள் மாடியில் இருந்தோம்.

ஜனவரியில், போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, பதிவுகளைப் பெரிய சார்ட்டில் அழகாகப் பெயர்த்தெழுதும் வேலை எனக்கு வந்தது. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். நோட்டை என்னிடம் கொடுத்தாள். வீட்டில் சார்ட்டை விரித்தபோது காலிக் கட்டங்கள் ஒவ்வொன்றும் மேடையில் நான் வாயடைத்து நிற்கும் மூன்று நொடிகளாகத் தெரிந்தன. ஞாயிற்றுக்கிழமைகளை விட்டேன், மற்றவற்றை நிரப்பினேன். முந்தைய நாள் அளவுக்கும் அடுத்த நாள் அளவுக்கும் நடுவில் பொருத்தமான எண்ணைக் கணக்கிட்டுப் போட்டேன். ஆகஸ்ட் நாளுக்குப் பெரிய சுழியம். காய்ச்சல் நாள்கள் மூன்று. புயல் வாரம் முழுவதும். வானத்துக்கான கட்டத்தில் 'தெளிவு' என்றும், பார்த்தவர் கட்டத்தில் அவள் முதலெழுத்துகளையும் எழுதினேன். ஓர் உரையைச் செப்பனிடும் நிறைவுதான் இருந்தது.

பல்லாவரம் பக்கம் ஒரு கல்லூரி அரங்கில் போட்டி. என் பேச்சு பத்து நிமிடம். ஒரு கம்பியும் ஒரு நிழலும் கொண்டு பூமியின் சாய்வைத் தாம்பரத்து மைதானத்தில் அளந்த கதையை நான் சொல்லி முடித்தபோது அரங்கு அதிர்ந்தது. அவள் என் பக்கத்தில், சார்ட்டுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். என்னை முழுமையாக நம்பியிருந்ததால் அதைத் திரும்பிப் படிக்கவில்லை. மூன்று நடுவர்களில் ஒருவர் வானிலைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் என்று அறிமுகப்படுத்தியிருந்தார்கள். அவர் எழுந்து வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சார்ட்டில் விரலை ஓட்டினார். டிசம்பரில் விரல் நின்றது.

"ஏம்மா, இந்தச் செவ்வாய்க்கிழமை புயல் வாரம்தானே? எழுபது புள்ளி நாலுன்னு போட்டிருக்கு. அன்னிக்கு எங்க வீட்டு வாசல்ல போட் வந்துது. வெயில் எங்க அடிச்சுது?"

மூன்று நொடி. எனக்குக் கற்பிக்கப்பட்டது அதுதான். மூன்றாம் நொடி முடிவதற்குள் என் வாய் திறந்துவிட்டது.

"ஐயா, எண் சரியானது. முந்தைய, பிந்தைய அளவுகளோடு இயைந்து வருகிறது."

"எண் சரிதாம்மா. நிழல்தான் இல்ல. யார் எழுதினது?"

"அளவெடுப்பதும் பதிவேட்டைப் பேணுவதும் என் தோழியின் பொறுப்பு ஐயா. எடுத்துரைப்பது மட்டுமே என் பணி."

தெளிவான குரலில் சொன்னேன். அவர் விரல் பார்த்தவர் கட்டத்துக்கு நகர்ந்தது. அவளைப் பார்த்து, இது உன் கையெழுத்தா என்றார். அவள் அப்போதுதான் திரும்பிச் சார்ட்டைப் படித்தாள். வரி வரியாக, மேலிருந்து கீழ்வரை, அவசரமில்லாமல் படித்தாள்.

"நான் எழுதல சார். நோட்டுல இது காலியாதான் கீது."

"அப்ப யார் எழுதினாங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். சார்ட் இரண்டு நாள் என் வீட்டில் இருந்ததும், அந்த முத்தான கையெழுத்து யாருடையது என்பதும் அவளுக்குத் தெரியும். வகுப்பில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"எழுதும்போது நான் பாக்கல சார்."

நடுவர் நோட்டைக் கேட்டார். அது இவளிடம் இருக்கிறது என்று அவள் என்னைக் காட்டினாள். கொண்டுவரவில்லை என்றேன். மேசைக்கடியில் என் பையில் இருந்தது. என் கால் அதைத் தொட்டுக்கொண்டிருந்தது.

எங்கள் பதிவுகள் நம்பத்தக்கவை அல்ல என்று திட்டத்தைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள். ஜவ்வாது மலைக்கு வேறொரு பள்ளி போனது. ஆனால் சிறந்த எடுத்துரைப்புக்கான கோப்பை எனக்குக் கிடைத்தது. பெயரை அழைத்தபோது நான் மேடை ஏறினேன். வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு எனக்கு இருந்தது. கீழே அவளும் கை தட்டினாள். என் பேச்சை அவள் கேட்டிருந்தாள். அது நன்றாகத்தான் இருந்தது. அதனால் தட்டினாள்.

திரும்பும் வழியில் ஷேர் ஆட்டோவில் டீச்சர் அவளிடம் மட்டும், "நீயாடி?" என்று கேட்டார். "இல்ல மிஸ்." அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, நம்பியதாகவும் தெரியவில்லை. என் மடியில் கோப்பை இருந்தது.

மறுநாள் நோட்டை அவள் பெஞ்சில் வைத்தேன். அவள் அதை எடுத்துக்கொண்டு, இடைவேளையில், வழக்கம்போல் ஸ்கேலோடு வெயிலுக்குப் போனாள். போட்டி முடிந்த பிறகும் எதற்கு என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். "சார்ட்டுல ஏத்திட்டியாடி இன்னிக்கு நிழல?" என்பார்கள். "வருஷம் முடியல" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிப்ரவரி, மார்ச். நிழல் குறுகிக்கொண்டே வந்தது. நான் மன்னிப்புக்கு ஓர் உரை எழுதினேன். முன்னுரை, மூன்று பகுதிகள், முடிவுரை. எழுத எழுத அது நன்றாக அமைந்தது. அதனாலேயே கிழித்தேன். மறுபடி எழுதினேன்.

ஏப்ரல் இறுதியில் கடைசித் தேர்வு முடிந்து பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்தோம். வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இல்லை. மைதானத்தில் அவள் மட்டும் நின்றிருந்தாள். நான் போய் அருகில் நின்றேன். போகச் சொல்லவில்லை. கம்பியின் அடியில் நிழல் விரல் நகம் அளவுக்கு வந்தது. பிறகு ஒரு கோடு. பிறகு அதுவும் கம்பிக்குள் போய்விட்டது. சிமென்ட் பலகை முழுவதும் வெயில். எங்கள் நிழல்கள் செருப்புக்கடியில் ஒடுங்கியிருந்தன. அவள் குனிந்து, சுற்றிவந்து, நான்கு பக்கமும் பார்த்தாள். ஓராண்டில் அவள் முகத்தில் நான் கண்ட முழுச் சிரிப்பு அது ஒன்றுதான்.

எழுதினாள்: நேரம், சுழியம், தெளிவு. முதலெழுத்துகளைப் போட்டாள். பிறகு நோட்டையும் பேனாவையும் என்னிடம் நீட்டினாள்.

"நீயும் பாத்தல்ல? போடு."

என்னால் வாங்க முடியவில்லை. எழுதி வைத்த உரையின் முதல் வரிகூட நினைவுக்கு வரவில்லை.

"அந்த சார்ட்ல நான்தான்டி எழுதினேன்."

அவள் பேனாவை நீட்டியபடியே இருந்தாள்.

"எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற? நான் கேக்கவே இல்லியே. கேட்டவரு வேற."

"நான்..."

"இப்போ நிழல் இல்லாததப் பாத்தியா, இல்லியா?"

"பாத்தேன்."

"அப்ப போடு. வெயில் தாங்கல."

போட்டேன். அவள் முதலெழுத்துகளுக்குப் பக்கத்தில் என்னுடையவை. என் கையெழுத்து முதன்முறையாகக் கோணலாக வந்தது. அவள் நோட்டைப் புரட்டி மூடும்போது கடைசிப் பக்கம் ஒரு கணம் தெரிந்தது. சனியின் வளையம் இன்னும் புள்ளிகளாகவே இருந்தது.

பத்தாம் வகுப்புக்கு அவள் கூடுவாஞ்சேரிப் பக்கம் வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். அந்த வளையத்துக்கு எப்போதாவது கோடு விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. விழுந்திருக்கும் என்று எழுதினால் இந்தப் பக்கம் அழகாக முடியும்.

கேட்டவரிடம், அந்த நடுவரிடம், நான் இதுவரை சொல்லவில்லை. அவர் வீட்டைக் கண்டுபிடிப்பது அரிதன்று, நான் தேடவில்லை. இதற்குள் இன்னும் பதினோரு கோப்பைகள் சேர்ந்துவிட்டன; இருபதாவதை மட்டும் துணிகளுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். கல்லூரி மேடைகளில் நேர்மையைப் பற்றி இரண்டு முறை பேசிப் பரிசும் வாங்கியிருக்கிறேன். அவர் இதைப் படிக்க நேர்ந்தால், அன்று அவர் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் விடை இதோ.

எழுதியது நான், ஐயா. அந்தச் செவ்வாய்க்கிழமை வெயில் அடிக்கவில்லை. மாடியில் நின்று நான் பார்த்தேன்.